துணைக்கு ஆளில்லாத படகுக்காரருக்கு

மெல்பேணில் படகு வாங்கி, அதைத் தார்ப்பாயால் மூடி வீட்டு வாசலிலேயே வைத்திருக்கும் நம்மவர்களுக்கு,



உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். கோயில் வாசலில், தமிழ்ப் பள்ளி நிறுத்துமிடத்தில், கலியாண வீட்டுப் பந்தியில் கண்டு கதைத்திருக்கிறோம். "படகு என்னண்ணை, ஓடுதோ?" என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "எங்கை தம்பி, கூட வர ஆளில்லை." சேர்ந்து வாங்கிய மச்சானுக்கு இரவு வேலை. மகனுக்குப் பரீட்சை. வருகிறேன் என்று சொன்ன கூட்டாளி வெள்ளி இரவு பத்து மணிக்குத் தலையிடி என்று செய்தி அனுப்புகிறார். தார்ப்பாயின் மேல் யூகலிப்டஸ் இலை விழுந்து, மழையில் ஊறி, கறுத்துக் கிடக்கிறது. பதிவுப் பணம் மட்டும் ஆண்டு தவறாமல் போகிறது.

அதனால்தான் இந்த மடல். நீங்கள் வைத்திருக்கும் அந்த நாலு மீட்டர் அலுமினியப் படகை ஒருவரே இறக்கலாம், ஒருவரே ஏற்றலாம். கடந்த சில ஆண்டுகளாக நான் அப்படித்தான் போய்வருகிறேன். எனக்கு உங்களைவிடப் பலம் அதிகமில்லை. முதுகில் ஒரு தட்டு விலகியிருக்கிறது, கனம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார்.

ஆள் வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் எப்படி வந்தது என்பது எனக்கு விளங்கும். நான் வடமராட்சி கிழக்கில், மணற்கரையில் வளர்ந்தவன். வள்ளத்தை ஒருவர் தனியே இறக்கி நான் கண்டதே இல்லை. பதினெட்டு அடி பைபர் படகு, அதன் மேல் எஞ்சின், வலை, எண்ணெய்க் கலன். அணியத்தில் ஒருவர், பக்கத்துக்கு மூன்று பேர், பின்னால் தோள் கொடுக்க ஒருவர். ஆள் போதாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற எங்களையும் கூப்பிடுவார்கள். சீருடையோடு ஓடிப்போய்த் தள்ளிவிட்டுக் கால் மணலைத் தட்டிக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். திரும்பி வரும்போதும் அதே ஆட்கள், அதே தோள்கள். யாருடைய வள்ளம் என்று பார்த்துக் கை கொடுத்தவர் கிடையாது. கரையில் நின்றால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்படி வளர்ந்தவனுக்குத் தனியே படகோடு தண்ணீருக்குப் போவது ஏதோ குறையான காரியம்போல, மனிதரில்லாதவன் செய்கிற வேலைபோலத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் இங்கே தள்ளுவதற்கு மணல் இல்லை. அந்த எட்டுப் பேரின் வேலையை இங்கே கொங்கிரீட் சரிவும், ட்ரெயிலரின் உருளைகளும், வின்ச்சும், ஒரு கயிறும் பங்குபோட்டுச் செய்கின்றன. படகு இறக்கும் ராம்ப் பொதுவாக எட்டடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிந்து இறங்கும். படகு தன் பாரத்தாலேயே தண்ணீருக்குப் போக அந்தச் சரிவு போதும். ஆகவே ராம்பில் தனியாள் தவிப்பது படகைத் தள்ள முடியாமல் அல்ல. போகிற படகைப் பிடிக்க ஆளில்லாமல்தான். இதை நான் ஒருவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

2016 ஒக்டோபர் கடைசி. மெல்பேண் கப் விடுமுறைக்கு முந்திய சனி. போர்ட் பிலிப் விரிகுடாவுக்குள் ஸ்நாப்பர் மீன் வந்து சேர்கிற காலம் என்பதால், கரம் ஊரில் பாட்டர்சன் ஆற்றுப் படகுத்துறையில் விடியப்புறம் நாலரை மணிக்கே வரிசை. எனக்கு முன்னே எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். கிரேக்கராக இருக்க வேண்டும், காருக்குள் கிரேக்கப் பாட்டு மெல்லக் கேட்டது. தனியாக வந்திருந்தார். அவர் நேராக ராம்புக்குப் போகவில்லை. ஓரத்தில் ஆயத்தப்படுத்துவதற்கென்று கோடு போட்டிருக்கும் இடத்தில் நிறுத்தினார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு படகை ஒருமுறை முழுதாகச் சுற்றி நடந்தார். ஒவ்வோர் இடத்திலும் கையை வைத்தார். பின்பக்கத் துளையின் அடைப்பானைத் திருகிவிட்டு, திருகினோமா என்று இன்னொரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தார். பின்பட்டிகளைக் கழற்றிச் சுருட்டிக் காருக்குள் வைத்தார். எஞ்சினின் தாங்குகட்டையை எடுத்தார். கடைசியாக ஒரு நீளக் கயிற்றைப் படகின் மூக்கில் கட்டி, மற்ற நுனியைத் தன் பக்கக் கண்ணாடியில் கொழுவிக்கொண்டு கார் ஏறினார்.

பிறகு நடந்தது மூன்று நிமிடத்துக்குள். பின்னுக்கு எடுத்தார், ட்ரெயிலரின் சில்லுகள் நனைந்ததும் நிறுத்தினார். இறங்கி, கயிற்று நுனியை ஜெட்டித் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினார். அதன் பிறகுதான் வின்ச் கொக்கியைக் கழற்றினார். படகின் மூக்கில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு. படகு தன்பாட்டில் பின்னோக்கிப் போனது, கயிறு நீண்டது, இறுகியது. படகு மெல்லத் திரும்பி ஜெட்டியோடு வந்து ஒட்டி நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் காரில் ஏறி நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார்.

நான் அன்று ஸ்நாப்பர் ஒன்றும் பிடிக்கவில்லை. அந்தக் கயிறு மட்டும் நாள் முழுதும் கண்ணுக்குள் நின்றது. ஊரில் எட்டுப் பேரில் ஒருவர் எப்போதும் அணியத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பாரே, அவருடைய வேலையை அது செய்தது.

ஆகவே உங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: படகின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு நீளமான கயிறு ஒன்று வாங்குங்கள். நாலு மீட்டர்ப் படகுக்கு எட்டு மீட்டர் காணும். நான் பத்து வைத்திருக்கிறேன். மெல்லிய நைலோன் வேண்டாம், கையை அறுக்கும், ஈரத்தில் வழுக்கும். பெருவிரல் மொத்தத்தில் பின்னல் கயிறு எடுங்கள். ஒரு நுனி படகின் மூக்கில் உள்ள இரும்பு வளையத்தில் நிரந்தரமாகக் கிடக்கட்டும். மற்ற நுனியில் கை நுழையும் அளவுக்கு ஒரு வளையம் போட்டுவிட்டால் இருட்டில் தேட வேண்டியதில்லை. இதே தடிப்பில் குட்டையான கயிறு ஒன்றும் பின்பக்கத்துக்கு வேண்டும். ஜெட்டிப் பக்கமாக இரண்டு ரப்பர் பந்துகளைத் தொங்கவிட்டால் படகின் விலா தப்பும்.

ஆயத்த இடத்தில் பத்து நிமிடம் செலவழிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்த ட்ரெயிலரின் பேரிங் சூடேறியிருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த உப்புநீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கும், சுருங்கும்போது சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கிரீஸைக் கெடுத்து, துருவேற்றி, அடுத்த கோடையில் நெடுஞ்சாலையில் சில்லைக் கழற்றும். சில்லின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு ஆறும்வரை வேறு வேலை இருக்கிறது. ட்ரெயிலர் விளக்கின் பிளக்கைக் கழற்றுவது அதில் ஒன்று.

எஞ்சினை வீட்டிலேயே முதல்நாள் பின்னேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயை எஞ்சினின் காதுபோல இரண்டு பக்கமும் கவ்வுகிற ரப்பர்க் கிண்ணத்தில் பொருத்தி, தண்ணீர் வந்த பிறகே முடுக்க வேண்டும். தண்ணீரில்லாமல் சிறிது நேரம் ஓடினாலே உள்ளே தண்ணீர் இறைக்கிற ரப்பர் இறக்கை தீய்ந்துவிடும். இரண்டு பேர் போனால், கிளம்பாத எஞ்சினோடு ஒருவர் மல்லுக்கட்ட மற்றவர் படகைப் பிடித்திருப்பார். தனியாளுக்கு அந்த வசதி இல்லை.

இனிப் பின்னுக்கு எடுப்பது. நம்மில் பெரும்பாலானோர் வாசலில் படகை விட்டுவைத்திருப்பதற்கு உண்மையான காரணம் இது என்று நினைக்கிறேன். ஆளில்லை என்பது சொல்வதற்கு ஒரு காரணம். நாலு பேர் பார்க்க ட்ரெயிலர் கோணலாகத் திரும்பி, முன்னுக்குப் போய், மறுபடி கோணி, பின்னால் வரிசை நீள்கிறபோது வருகிற வெட்கத்தை நான் அறிவேன். அதற்காகப் படகை விற்றவர் ஒருவரையும் அறிவேன். விஷயம் என்னவென்றால், சின்ன ட்ரெயிலர்தான் பெரிய ட்ரெயிலரைவிடத் திருப்பக் கடினம். காரின் கொளுவிக்கும் ட்ரெயிலரின் சில்லுக்கும் இடைத்தூரம் குறைவு என்பதால் ஸ்டியரிங்கைத் தொட்டவுடனே மடங்கும். ஆகவே உங்கள் கை கெட்டதில்லை. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். அந்தக் கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ ட்ரெயிலரின் பின்புறம் அந்தப் பக்கம் போகும். ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நகர்த்த வேண்டாம். கண்ணாடியில் ட்ரெயிலர் எந்தப் பக்கம் பெரிதாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கின் மேற்பகுதியைத் திருப்பினால் நேராகும். கோணிவிட்டால் பின்னாலேயே சரிசெய்யப் போராடாதீர்கள். ஒரு கார் நீளம் முன்னே போனால் தானாக நேராகும். ஞாயிறு விடிய, கடைகள் திறக்குமுன், வெறும் நிறுத்துமிடம் ஒன்றில் இரண்டு வாரம் பழகினால் போதும்.

ராம்பில் நிறுத்துகிற முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதைக் கைப்பழக்கமாக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரல். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள். காலை மெல்ல விடுங்கள். கார் ஓர் அங்குலம் அசைந்து தன் பாரத்தை ஹேண்ட்பிரேக்கில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பார்க். நேராகப் பார்க்கில் போட்டுக் காலை எடுத்தால் காரும் படகும் கியர்ப்பெட்டிக்குள் இருக்கிற ஒரு சின்னப் பல்லில் தொங்கும். இருவர் போகிறபோது ஒருவர் காருக்குள்ளேயே காலை பிரேக்கில் வைத்திருப்பார். நீங்களோ காரை விட்டு இறங்கப்போகிறீர்கள். ஆகவே முன்சில்லுக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு மரக்கட்டை ஆப்பு வையுங்கள். அந்த ஆப்பிலிருந்து காருக்கு ஒரு கயிறு கட்டிவிட்டால் முன்னே போகும்போது அதுவும் கூடவே இழுபட்டு வரும், எடுக்க மறந்து ராம்பில் விட்டுப்போக மாட்டீர்கள். கண்ணாடிகளை இறக்கி, சீட்பெல்ட்டைக் கழற்றியபின் பின்னுக்கு எடுங்கள்.

காலில் நல்ல பிடிப்புள்ள செருப்போ சப்பாத்தோ இருக்கட்டும். தண்ணீர் ஏறி இறங்குகிற அளவில் கொங்கிரீட்டில் பச்சைப் பாசி படர்ந்திருக்கும். அதில் கால் வைத்தவர் விழுவது கண்ணிமைக்கிற நேரம். தனியே வந்தவர் பின்மண்டை அடிபட்டுக் கிடந்தால் இருட்டில் யார் காண்பது?

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். பெரியவரைக் கண்டதற்கு அடுத்த கோடை. நீண்ட வார இறுதி, நல்ல சனம். எனக்குப் பின்னால் ஐந்தாறு வண்டி. அவர்களுடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று நினைத்து, ராம்பின் மேலேயே நின்று வின்ச் கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் கழற்றிவிட்டேன். என்னுடையது உருளை வைத்த ட்ரெயிலர். பின்னுக்கு எடுத்துச் சரிவில் இறங்கி, தண்ணீருக்கு இன்னும் இரண்டு மீட்டர் இருக்கும்போது பிரேக்கைத் தொட்டேன். கார் நின்றது. ட்ரெயிலர் நின்றது. படகு நிற்கவில்லை. உருளைகள் கடகடவென்று சுழன்ற சத்தமும், தொடர்ந்து அலுமினியம் கொங்கிரீட்டில் உராய்ந்த சத்தமும் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கின்றன. எஞ்சினின் அடியில், புரொப்பெல்லருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இறகு முறிந்தது. படகின் பின்மூலை நசுங்கியது. அதெல்லாம் காசால் தீர்ந்தது. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. பார்க்க ஆசைப்பட்டு அன்று கூட வந்திருந்தாள். ஒரு நிமிடம் முன்னர்வரை அவள் படகுக்குப் பின்னால், அந்தச் சரிவில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அழைப்பு எடுத்ததால் ஓரமாகப் போய் நின்றாள்.

எஞ்சினோடு சேர்த்து அந்தப் படகு இருநூற்றைம்பது கிலோவுக்கு மேல். அதைக் கையால் தடுத்து நிறுத்த யாராலும் ஏலாது, முயலவும் கூடாது.

சில்லு நனையும்வரை கொக்கியில் கை வைக்காதீர்கள். கயிற்றின் மறுநுனி தூணில் சுற்றப்படும்வரை கொக்கியைக் கழற்றாதீர்கள். படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது, நீங்களும்தான். நான் பணிவாகக் கேட்கிறேன், இந்த மடலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வின்ச்சும் அப்படித்தான்: தடைப்பல் கழன்றால் கைபிடி விசிறிபோலச் சுழலும், மணிக்கட்டை முறிக்கும். சுழல்வதைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள், விலகிவிடுங்கள்.

காற்றைப் பற்றியும் கதைக்க வேண்டும். ஊரில் நமக்குச் சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர்கள் இருந்தன. இங்கே வந்து போனில் எண்ணாகப் பார்க்கிறோம், பெயர் போய்விட்டது. அலுமினியப் படகு இலேசானது, தண்ணீருக்குள் இறங்கியிருக்கிற பகுதி குறைவு. பக்கக் காற்று அதன் மூக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இறக்குமுன் ஜெட்டியின் எந்தப் பக்கத்துக்குக் காற்று அடிக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ராம்ப் இருந்தால், காற்று படகை ஜெட்டியோடு அணைக்கிற பக்கத்தைத் தெரிந்தெடுங்கள். நீங்கள் கார் நிறுத்தப் போய்வரும்வரை அது அங்கேயே இருக்கும். கிளம்பும்போது விலக்கக் கொஞ்சம் கஷ்டப்படும். பின்பக்கத்தை முதலில் கையால் தள்ளிவிட்டு ரிவர்ஸில் எடுத்தால் சரி. மற்றப் பக்கம் இறக்கினால் கயிறு இறுகி நிற்கும், நீங்கள் திரும்பி வரும்போது படகு ஏழு மீட்டர் தள்ளி அடுத்தவரின் பாதையில் மிதக்கும்.

வற்றுப் பெருக்கு போர்ட் பிலிப்புக்குள் பெரிய தொல்லை இல்லை. வாய் குறுகிய விரிகுடா, உள்ளே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வெஸ்டர்ன் போர்ட் அப்படியல்ல. அங்கே ஏறக்குறைய மூன்று மீட்டர்வரை ஏறி இறங்கும். வார்னீட், டூராடின் போன்ற இடங்களில் காலையில் தளதளவென்று தண்ணீர் நின்ற வாய்க்காலில் மத்தியானம் சேறு தெரியும். வற்றில் போய் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்தால் கொங்கிரீட் முடிகிற விளிம்பைத் தாண்டிச் சில்லு சேற்றில் விழும்; தனியாளால் அதை எழுப்ப ஏலாது. முதல் ஆறு மாதம் போர்ட் பிலிப்பிலேயே பழகுங்கள். வெஸ்டர்ன் போர்ட்டுக்குப் போவதென்றால், திரும்பி வருகிற நேரத்துக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பார்த்தபின் போங்கள்.

இறக்குவதைவிட ஏற்றுவது கடினம். காலையில் நீங்கள் நித்திரை கொண்டு எழும்பியவர், கடல் அமைதி. திரும்பும்போது எட்டு மணி நேர வெயில் தலையில் இருக்கும். கோடையில் பின்னேரமானால் தெற்கிலிருந்து கடற்காற்று எழும்பும், நம்முடைய சோழகத்தின் திசைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். இங்கே பலரும் செய்கிற பிழை, ட்ரெயிலரை ஆழமாக இறக்குவது. ஆழம் கூடினால் படகு ட்ரெயிலருக்கு மேலே சும்மா மிதக்கும். காற்று அதை ஓரத்துக்கு ஒதுக்கும். நீங்கள் வின்ச்சைச் சுற்றி மேலே இழுத்துக்கொண்டு வந்து பார்த்தால் கோணலாக உட்கார்ந்திருக்கும். ஆழம் குறையட்டும், சில்லு மூடி மட்கார்ட் தெரிகிற அளவு போதும். கடைசி உருளை படகின் அடிநடுவைப் பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை வின்ச் இழுக்கும். பத்துச் சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டிவரும், கை நோகும், ஆனால் படகு நேராக வரும். ட்ரெயிலரின் பின்மூலைகளில் இரண்டு நிமிர்ந்த குழாய்க் கம்பங்கள் பொருத்திக்கொள்ளுங்கள். வெறும் ட்ரெயிலர் சரிவில் இறங்கும்போது கண்ணாடியில் காணாமல் போய்விடும். அப்போது அந்தக் கம்பங்களே உங்களுக்குக் கண். படகு வரும்போது இரண்டு பக்கமும் நின்று பிடிக்கிற ஆட்களும் அவைதான்.

ஏற்றிய பிறகு சங்கிலியைப் போட்டுவிட்டே ராம்பை விட்டுக் கிளம்புங்கள். அடைப்பானைத் திறந்து தண்ணீரை ஒழுகவிடுவது, பட்டி கட்டுவது, மீன் கழுவுவது எல்லாம் மேலே வந்த பிறகு.

தனியே தண்ணீரில் இருப்பதைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் உங்களைத் தவறான இடத்துக்கு அனுப்பியவனாவேன். 4.8 மீட்டர் வரையான எஞ்சின் படகில் மிதவைச் சட்டை உடம்பில் இருந்தே ஆக வேண்டும் என்பது விக்டோரியாவின் சட்டம். 2005 டிசம்பரில் இது வந்தது. அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளில் இந்த மாநிலத்தில் பொழுதுபோக்குப் படகுகளிலிருந்து மூழ்கி இறந்தவர்கள் 59 பேர், பிந்திய ஐந்து ஆண்டுகளில் 16 பேர். சீற்றின் அடியில் மடித்து வைத்த சட்டை யாரையும் காப்பாற்றாது. தனியாள் விழுந்தால் படகு நிற்காது, அது போய்க்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் எஞ்சினோடு சிவப்புச் சுருள் வடம் ஒன்று வருகிறது. அதைக் கையிலோ காலிலோ மாட்டினால், நீங்கள் விழுந்த கணமே எஞ்சின் நின்றுவிடும். புதுப் படகில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் அது தொங்குவதை நான் கண்டிருக்கிறேன். விழுந்த பிறகு ஏற வேண்டுமே. நனைந்த உடுப்போடு அலுமினிய விளிம்பைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க முடியுமா என்று வெயில் நாளில் ஆழமில்லாத இடத்தில் ஒருதடவை முயன்று பாருங்கள். எனக்கு ஏலவில்லை. அன்றைக்கே போய்ப் பின்பக்கத்துக்கு ஏணி வாங்கிப் பூட்டினேன். எந்தத் துறையில் இறக்குகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போகிறேன். வரவேண்டிய நேரம் கடந்து ஒரு மணி நேரத்தில் மனைவி யாருக்கு அடிக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கிறது.

உங்களில் ஏற்கெனவே படகு ஓடுகிற சிலரிடமும் ஒரு வேண்டுகோள். வரிசையில் உங்களுக்கு முன்னே ஒருவர் தனியே நின்று திணறினால் ஹார்ன் அடிக்காதீர்கள், அடிக்கிறவரோடு சேர்ந்து முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் தவறு செய்த அன்று எனக்குப் பின்னால் ஹார்ன் இரண்டுதரம் கேட்டது. கொக்கியைக் கழற்றிய கை என்னுடையதுதான், ஆனால் அந்த அவசரம் எனக்குள் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். இறங்கிப் போய், "கயிற்றை நான் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விலகி நில்லுங்கள். கரையில் நிற்பவன் கை கொடுக்க வேண்டும் என்று நமக்குச் சின்ன வயதில் யாரும் வாயால் சொல்லித் தரவில்லை. இருந்தும் தெரிந்திருந்தது.

வருகிற ஞாயிறு விடிய ஆறு மணிக்குக் கரம் துறையின் பெரிய நிறுத்துமிடத்தில், மழையென்றாலும் நிற்பேன். மீன்பிடிக்கப் போகவில்லை. ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கப் பழகுவோம், சனம் குறைந்த நேரத்தில் ஒவ்வொருவராக இறக்கி ஏற்றிப் பார்ப்போம். தார்ப்பாயைக் கழற்றிவிட்டு வாருங்கள். அடைப்பான் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். கயிறு பத்து மீட்டர்.

அன்புடன்,
உங்களில் ஒரு படகுக்காரன்